பழைய மாத்திரை, பழைய காகிதம்: ஒரு பார்க்கிங் லாட்டில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் வருஷத்துக்கு இரண்டு முறை, பெரும்பாலும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் கடைசி சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை, போலீஸ் ஸ்டேஷன் வாசலிலோ லைப்ரரி பார்க்கிங்கிலோ ஒரு மடக்கு மேஜையும் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியும் வைத்திருப்பார்கள். வீட்டில் கிடக்கிற வேண்டாத மருந்தை அதில் கொண்டுவந்து போடலாம். பேர் கேட்கமாட்டார்கள், ஐடி கேட்கமாட்டார்கள், இது யாருடைய மருந்து, ஏன் மிச்சமானது என்றும் கேட்கமாட்டார்கள். டேக் பேக் டே என்று இதற்குப் பேர், நடத்துவது மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறையான டிஇஏ. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் டவுன்ஷிப்பில் அதே காலையில், அதே பார்க்கிங்கின் மறுகோடியில், காகிதத்தைத் துண்டாக்கும் ஷ்ரெட்டிங் லாரியும் வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து நடத்துவது எங்கள் ஊரின் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பல ஊர்கள் செய்கின்றன. வாலண்டியராக நின்று பார்த்ததை வைத்து இது எப்படி நடக்கிறது, ஏன் இப்படி நடக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிவைக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதப் பக்கம், தான் செய்வதாகச் சொன்னதைச் செய்கிறது. மருந்துப் பக்கம் நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் வருஷம் முழுக்கத் தெருமுனை மருந்துக் கடையில் நடக்கவேண்டிய ஒரு வேலையை இரண்டு சனிக்கிழமைகளுக்குள் திணித்துவிட்டு, வந்து குவிந்த எடையைக் காட்டி வெற்றி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மருந்துக்கு எதற்குப் போலீஸ்?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரை, தூக்க மாத்திரை, கவனக் குறைபாட்டுக்குத் தரும் மாத்திரை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளைத் தயாரிப்பவர், மொத்த வியாபாரி, கடைக்காரர், டாக்டர் என்று கையாளுகிற ஒவ்வொருவரும் டிஇஏவிடம் பதிந்திருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நோயாளிக்கு மட்டும் விலக்கு. அதாவது மருந்து கடையிலிருந்து வீட்டுக்கு வர வழி வைத்தார்கள், வீட்டிலிருந்து திரும்பிப் போக வழி வைக்கவில்லை. மிச்சமான நாலு மாத்திரையைக் கடைக்காரர் நல்லெண்ணத்தில் வாங்கி வைத்துக்கொண்டால்கூட அது சட்டமீறல். போலீஸ் வாங்கலாம், வேறு யாரும் வாங்கக்கூடாது. அதனால் நாற்பது வருஷம் ஜனங்கள் மிச்ச மருந்தை டாய்லெட்டில் கொட்டினார்கள், குப்பையில் போட்டார்கள், பெரும்பாலும் பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அலமாரியிலேயே விட்டுவைத்தார்கள்.

விட்டுவைத்ததுதான் ஆபத்து. வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களிடம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கும் தேசிய அளவிலான வருடாந்தரக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதிப்பேர் சொல்லும் பதில், சொந்தக்காரர் அல்லது நண்பரிடமிருந்து என்பதுதான். கொடுத்தது, விற்றது, தெரியாமல் எடுத்தது எல்லாம் அதில் அடக்கம்.

இதில் எங்கள் மாநிலத்துக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. 2009 நவம்பர் மாதம் நியூ ஜெர்சி முழுக்க ஒரே நாளில் போலீஸ் ஸ்டேஷன்களில் மருந்து வாங்கிப் பார்த்தார்கள். அது நன்றாக நடந்தது. அடுத்த வருஷம், 2010 செப்டம்பர் 25 அன்று, டிஇஏ அதையே நாடு முழுக்க நடத்தியது: 4,000க்கும் மேற்பட்ட இடங்கள், 121 டன் மருந்து. அப்புறம் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 12 அன்று அதிபர் ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் விருப்பப்பட்டால் பெட்டி வைத்து வாங்கிக்கொள்ளலாம், தபாலிலும் வாங்கலாம் என்று அந்தச் சட்டம் வழி திறந்தது. சட்டம் வந்தாலும் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை எழுதி முடிக்க 2014 செப்டம்பர் ஆகிவிட்டது. நாலு வருஷம்!

இந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. விதி வந்துவிட்டது, இனிமேல் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி, அந்தச் செப்டம்பரோடு டிஇஏ தன் டேக் பேக் நாளை நிறுத்திக்கொண்டது. கடைக்காரர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. 2015இல் டிஇஏவுக்குத் தற்காலிகத் தலைவராக வந்த சக் ரோசன்பர்க், அதே வருஷம் செப்டம்பரில் அதை மறுபடியும் தொடங்கிவைத்தார். 2017இல் அரசுத் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ கணக்குப் பார்த்தபோது, பெட்டி வைக்கத் தகுதியுள்ள கிட்டத்தட்ட 90,000 இடங்களில் சுமார் மூன்று சதவீதம் மட்டுமே முன்வந்திருந்தன.

கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பெட்டியை நகர்த்தமுடியாதபடி தரையோடோ சுவரோடோ முடுக்கவேண்டும், கண் படுகிற இடத்தில் வைக்கவேண்டும், உள்ளே போடும் உறை கிழியாததாக, நீர் புகாததாக, வரிசை எண் போட்டதாக இருக்கவேண்டும், நிறைந்ததும் இரண்டு ஊழியர்கள் சேர்ந்துதான் எடுக்கவேண்டும், அதற்கெல்லாம் பதிவேடு வேண்டும், எரிக்க அனுப்பும் செலவு வேறு. இத்தனையும் செய்தால் கடைக்கு ஒரு சென்ட் வருமானம் கிடையாது. பிறகு வால்கிரீன்ஸ், சிவிஎஸ் போன்ற பெரிய கடைகள் ஓரளவுக்குப் பெட்டி வைத்தன, இப்போது நிலைமை 2017ஐவிடப் பரவாயில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளையில் இருக்கிறதா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு உருப்படியான பதில் சொன்னது கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). மருந்து விற்று லாபம் பார்க்கும் கம்பெனிகளே மிச்சத்தைத் திரும்ப வாங்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று 2012இல் ஒரு விதி போட்டார்கள். கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டி பக்கம் நின்றது, 2015இல் உச்சநீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. 2018இல் வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் இதையே மாநிலம் முழுக்கச் சட்டமாக்கின. என்னைக் கேட்டால் ஆயிரம் டேக் பேக் நாளைவிட இது பெரிய விஷயம். பார்க்கிங் லாட்டில் மேஜை போட்டால் போட்டோ எடுக்க வசதி, அதனால் செய்தியில் வருவது மேஜைதான்.

மேஜையில் நடப்பது

காலை ஒன்பதரைக்கே கார் வரிசை ஆரம்பித்துவிடும். இரண்டு நிகழ்ச்சியையும் ஒரே இடத்தில் வைப்பதில் உள்ள முதல் தலைவலி இந்த வரிசை. காகிதம் கொண்டுவருகிறவர்தான் அதிகம், அவரவர் டிக்கியில் பெட்டி பெட்டியாக இருக்கும். மருந்து மட்டும் கொண்டுவந்தவர், கையில் ஒரு ஜிப்லாக் பையோடு அந்த வரிசையில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டால் பொறுமை இழந்து திரும்பிப் போய்விடுவார். அந்தப் பை மறுபடியும் அலமாரிக்குப் போய்விடும். அதனால் வாசலிலேயே இரண்டாகப் பிரித்துவிடவேண்டும். மருந்து இடப்பக்கம், காகிதம் வலப்பக்கம், இரண்டும் இருந்தால் முதலில் மருந்து. இந்த ஒரு ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, யார் எதைத் தொடலாம் என்பது. காகிதப் பெட்டியை வாலண்டியர் டிக்கியிலிருந்து தூக்கலாம், காரில் இருப்பவர் இறங்கவே வேண்டாம். மருந்து அப்படியில்லை. விதிப்படி அதைக் கொடுக்கவேண்டியது அந்த மருந்துக்கு உரியவர், அவர் வீட்டில் இருப்பவர், அல்லது இறந்தவருடைய உடைமைகளுக்குச் சட்டப்படி பொறுப்பானவர், வாங்கவேண்டியது போலீஸ். நடுவில் வேறு யார் கையும் படக்கூடாது. ஆகவே நீங்கள் வாலண்டியரிடம் பையை நீட்டினால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைக் காட்டுவார். மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம். பெட்டிக்குப் பக்கத்திலேயே யூனிபார்மில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், மதியம் வரைக்கும் அவர் அதை விட்டு நகரமாட்டார். உள்ளே விழுந்ததை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிறைந்ததும் டேப் ஒட்டி, எடை போட்டு, எரிக்க அனுப்பிவிடுவார்கள்.

யூனிபார்மைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு, குறிப்பாக நம் ஆட்கள். விசாவில் இருப்பவருக்குப் போலீஸ் முன்னால் போய் மருந்துப் பையைத் திறப்பதென்றால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும். ஒரு இளம் பெண் பெரிய பிளாஸ்டிக் பையோடு கொஞ்ச நேரம் தள்ளி நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் நேரே வந்தார்.

“அங்கிள், இது எல்லாம் இந்தியா மாத்திரை. அப்பா அம்மா வந்தப்ப கொண்டுவந்தது. இங்க சீட்டு எதுவும் கிடையாது. போடலாமா?”

“தாராளமா போடும்மா. எந்த ஊர்ல வாங்கினதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

பையில் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டைகள், மூன்று பாட்டில் இருமல் மருந்து. பெற்றோர் ஆறு மாதம் தங்க வரும்போது எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு மாதத்துக்கும் கூடுதலாகவே வாங்கிவருவார்கள், திரும்பிப் போகும்போது பெட்டியில் இடம் வேண்டும் என்று அதை விட்டுப் போவார்கள். ஆகவே நம் வீடுகளில் இரண்டு நாட்டு மிச்சமும் சேரும். இருமல் மருந்து பாட்டிலை மட்டும் கீழே கொட்டாமல், மூடியை இறுக்கி அப்படியே போடச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வரும் சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஓபியாய்டு, வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் சும்மா விட்டுவைக்கிற சமாசாரம் இல்லை.

மனதை அதிகம் தொடுவது இறந்தவர்களின் மருந்து. வீட்டிலேயே கடைசி நாட்களைக் கழித்த கணவருடைய மார்ஃபின் திரவம், வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டை, இவற்றைக் கொண்டுவரும் வயதானவர்கள் பேசுவதே இல்லை, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸ் (கடைசிக்காலப் பராமரிப்பு) நர்ஸ் அதை அன்றைக்கே ஒழித்துக்கட்டியிருக்கலாமே என்று தோன்றும். 2018 அக்டோபர் வரைக்கும் மத்தியச் சட்டம் அதற்குத் தெளிவாக இடம் கொடுக்கவில்லை. அந்த வருஷம் வந்த ஓபியாய்டு சட்டம்தான் நோயாளி இறந்தபின் மிச்சத்தை அங்கேயே அழிக்கத் தகுதியுள்ள ஹாஸ்பிஸ் ஊழியர்களுக்கு அனுமதி கொடுத்தது.

ஃபென்டனில் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதற்கு அடுத்த டேக் பேக் சனிக்கிழமை வரை காத்திருக்கக்கூடாது. மூன்று நாள் ஒட்டி எடுத்த பிறகும் அதில் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். குப்பைக்கூடையிலிருந்தோ தரையிலிருந்தோ குழந்தைகள் அதை எடுத்து ஒட்டிக்கொண்டும் வாயில் போட்டும் இறந்திருக்கிறார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ ஒரு ஃப்ளஷ் பட்டியலே வைத்திருக்கிறது: ஃபென்டனில், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், மார்ஃபின், மெதடோன் என்று, ஒரே ஒரு முறை தவறாக எடுத்தாலும் உயிர் போகக்கூடியவை. திருப்பிக் கொடுக்க உடனே வழியில்லை என்றால் இவற்றை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள், பட்டையென்றால் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துப் போடுங்கள் என்பது எஃப்டிஏவின் அறிவுரை. மற்ற மருந்தைத் தண்ணீரில் விடக்கூடாது. பயன்படுத்திய காபித்தூள், பூனைக்குப் போடும் மணல், வெறும் மண் என்று யாரும் வாயில் வைக்காத எதனோடாவது கலந்து, பையில் மூடிக் குப்பையில் போடலாம்.

ஆறு குளம் கெடாதா என்று சுற்றுச்சூழல் ஆட்கள் கேட்பது நியாயம்தான். 1999, 2000 ஆண்டுகளில் 30 மாநிலங்களில் 139 நீரோடைகளை மத்தியப் புவியியல் ஆய்வுத் துறை சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டது. 80 சதவீத ஓடைகளில் மருந்து, ஹார்மோன், காஃபீன், சோப்பு ரசாயனம் என்று ஏதோ ஒன்று இருந்தது. ஆனால் அதில் மருந்துப் பங்கின் பெரும்பகுதி நாம் விழுங்கி உடம்பிலிருந்து வெளியேறியது, கொட்டியது குறைவு. நாலு ஃபென்டனில் பட்டையை ஆற்றுக்குப் பயந்து வீட்டில் வைத்திருப்பது சரியான கணக்கு இல்லை.

டப்பாவும் ஒரு காகிதம்தான்

இரண்டு நிகழ்ச்சியையும் ஒன்றாக வைப்பதற்கு வசதியைத் தவிர வேறு காரணமும் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அந்த ஆரஞ்சு நிற மருந்து டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் பேர், மருந்தின் பேர், அளவு, டாக்டர் பேர், கடையின் போன் நம்பர், மருந்துச்சீட்டு எண், இன்னும் எத்தனை முறை வாங்கலாம் என்பது, சில கடைகளில் வீட்டு விலாசமும். பேங்க் ஸ்டேட்மெண்டைச் சுக்குநூறாகக் கிழிக்கிற மனுஷன் இந்த டப்பாவை அப்படியே ரீசைக்கிளிங்கில் போடுவார்.

பெரிய கடைகளே இதில் மாட்டியிருக்கின்றன. லேபிளோடு டப்பாக்களையும் நோயாளி விவரங்களையும் பூட்டாத குப்பைத் தொட்டிகளில் போட்டதாக டிவி செய்திகள் வந்து, மத்திய அரசு விசாரித்து, 2009இல் சிவிஎஸ் 22.5 லட்சம் டாலருக்கும் 2010இல் ரைட் எய்ட் 10 லட்சம் டாலருக்கும் உடன்பாட்டுக்கு வந்தன. கடைக்காவது சட்டம் இருக்கிறது. நம் வீட்டுக் குப்பைக்கு நாம்தான் பொறுப்பு.

எங்கள் மேஜையில் நாங்கள் சொல்வது: மாத்திரையை வீட்டிலேயே ஒரு பைக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள், லேபிளை உரித்து ஷ்ரெட்டிங் பெட்டியில் போடுங்கள். மார்க்கரால் மேலே கிறுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரிகிறது. உரிக்க வரவில்லையென்றால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

லாரிப் பக்கம்

இங்கே கூட்டம், சத்தம், கொஞ்சம் திருவிழாக் களை. கார் நிற்கும், டிக்கி திறக்கும், பெட்டியை எடுத்து ஆளுயரச் சக்கரத் தொட்டியில் கவிழ்ப்பார்கள். தொட்டி நிறைந்ததும் லாரியின் பக்கவாட்டுக் கை அதைக் கவ்வித் தூக்கி உள்ளே கொட்டும். லாரியின் வெளிப்பக்கம் ஒரு சின்னத் திரை உண்டு, உள்ளே காகிதம் பல்லில் விழுந்து போவதைக் காமிராவில் காட்டும். ஸ்டேப்பிள், பேப்பர் கிளிப் இருந்தாலும் இயந்திரம் தின்றுவிடும். மூன்று வளையம் போட்ட பைண்டரையும் பெரிய இரும்புக் கிளிப்பையும் கழற்றவேண்டும். அதை வீட்டில் கழற்றாமல் வந்து வரிசையில் நின்று கழற்றுகிறவர்களால்தான் எல்லோருக்கும் தாமதம். ஒரு காருக்கு இத்தனை பெட்டி என்று வரம்பு உண்டு, ஆபீஸ் குப்பையை யாரும் வேனில் கொண்டுவந்து இறக்கக்கூடாது என்பதற்காக.

திரைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. முன்பு அதை வேடிக்கை என்று நினைத்தேன், இப்போது அதுதான் இந்தப் பக்கத்தின் பலம் என்று தோன்றுகிறது. மருந்தை நம்பிக்கையில் விட்டுப் போகிறோம், காகிதம் கண் முன்னால் அழிகிறது.

வீட்டு ஷ்ரெட்டர் போதாதா? பொறுத்தது. காகிதத்தை நீள நீளமான பட்டையாக மட்டும் வெட்டும் மலிவு மிஷின் போதாது. 1979இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டபோது அங்கே பட்டை பட்டையாக வெட்டிப் போட்டிருந்த ரகசியத் தாள்களை, கம்பளம் நெய்பவர்களை உட்காரவைத்து ஒட்டிச் சேர்த்துப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். 2011இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பா, துண்டாக்கிய ஐந்து புதிர்களைக் கொடுத்து 50,000 டாலர் பரிசு அறிவித்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழு கம்ப்யூட்டர் உதவியோடு 33 நாளில் ஐந்தையும் அவிழ்த்துவிட்டது. குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் மிஷின் வீட்டுக்குப் போதும், ஜெர்மானியத் தரவரிசையில் பி-4 என்று போட்டிருந்தால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது. லாரியில் கூடுதல் பாதுகாப்பு, நூறு வீட்டுக் காகிதம் ஒன்றாகக் கலந்துவிடுவது. அதைக் கட்டாக அமுக்கிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள், பெரும்பாலும் டிஷ்யூ பேப்பராக மாறிவிடும்.

கிழிக்காமல் குப்பையில் போட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறவர்களுக்கு ஒரு வழக்கு. கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் க்ரீன்வுட் என்பவர் தெருவோரம் வைத்த குப்பைப் பையை, குப்பை அள்ளுபவரிடம் சொல்லித் தனியாக எடுத்துவரச் செய்து போலீஸ் பிரித்துப் பார்த்தது. தெருவில் வைத்துவிட்ட குப்பைக்கு அந்தரங்க உரிமை கிடையாது என்று 1988இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1990இல் எங்கள் நியூ ஜெர்சி உச்சநீதிமன்றமோ, எங்கள் மாநில அரசியலமைப்புச் சட்டப்படி குப்பைப் பையைப் பிரிக்கப் போலீசுக்கு வாரண்ட் வேண்டும் என்றது. நல்லது. ஆனால் திருடன் வாரண்ட் வாங்கிக்கொண்டு வரப்போவதில்லை. அடையாளத் திருட்டு என்று மத்திய வர்த்தக ஆணையத்துக்கு வரும் புகார்கள் சில வருஷங்களாக ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்குக் குறையவில்லை. அதில் பெரும்பகுதி இன்று இணையத்தில் கசிந்த தகவலால் வருவது என்பதையும் சொல்லவேண்டும், லாரி வந்து அதை நிறுத்திவிடாது.

வயதானவர்கள் கொண்டுவருவதில் முக்கியமானது, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பழைய அட்டை. அதில் அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரையே அடையாள எண்ணாக அச்சடித்திருந்தார்கள்! 2018 ஏப்ரலிலிருந்து அந்த நம்பர் இல்லாத புது அட்டையை அனுப்பி, பழையதை அழித்துவிடுங்கள் என்றார்கள். இன்னும் பலர் இரண்டையும் சேர்த்து பர்ஸில் வைத்திருக்கிறார்கள்.

இனி இதற்கு நேர்மாறான பிரச்சினை: அழிக்கக்கூடாததை அழிப்பது. சுத்தம் செய்கிற வேகத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப்போட்டுவிடுவார்கள், லாரிக்குள் விழுந்தது திரும்ப வராது. வருமான வரித் தாள்களைச் சாதாரணமாக மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும், வருமானத்தில் கால் பங்குக்கு மேல் காட்டாமல் விட்டிருந்தால் ஆறு வருஷம், வராக்கடன் கழித்திருந்தால் ஏழு. நமக்கென்று கூடுதலாகச் சில உண்டு. இந்திய பேங்க் கணக்கை, வெளிநாட்டுக் கணக்குகளுக்கான எஃப்பார் படிவத்தில் காட்டுகிறவர்கள் அந்தக் கணக்கு விவரங்களை ஐந்து வருஷம் வைத்திருக்கவேண்டும். குடியேற்றத் துறை தந்த ஐ-797 ஒப்புதல் தாள்கள், பழைய பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் பழைய ஐ-94 இதையெல்லாம் தொடவே தொடாதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி எச்1பி வேலை விசா தாள் எதற்கு என்று தோன்றும். சிட்டிசன்ஷிப்புக்குப் போடும்போதோ இடையில் ஒரு சந்தேகக் கேள்வி வந்தாலோ அதுதான் கைகொடுக்கும். வருஷா வருஷம் வரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தையும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்க ஆரம்பிக்கும் வரை வைத்திருப்பது நல்லது.

எடை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கோவிட் காரணமாக 2020 ஏப்ரல் டேக் பேக் நாள் ரத்தானது. அந்த அக்டோபரில் 9,85,392 பவுண்டு வந்து குவிந்தது, அதுவரை அவ்வளவு வந்ததில்லை. 2010இலிருந்து 2024 முடிய மொத்தம் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. கேட்கப் பிரமிப்பாக இருக்கும்.

ஆனால் எடை போடுவது மூடிய பெட்டியை. அதில் டப்பா எடை, சிரப் பாட்டில் எடை, காலாவதியான வைட்டமின், ஆன்டாசிட் எல்லாம் சேர்த்தி. சில இடங்களில் ஆய்வுக்காக மட்டும் பிரித்து எண்ணிப் பார்த்தபோது கட்டுப்பாட்டு மருந்துகள் சிறு பங்கே. எதற்காக இந்த ஏற்பாடு தொடங்கியதோ அது பெட்டியின் ஒரு மூலையில்தான் இருக்கிறது. பிரித்துப் பார்க்காததால்தான் ஜனங்கள் பயமில்லாமல் வருகிறார்கள், பிரித்துப் பார்க்காததால்தான் எவ்வளவு பயன் என்று சொல்லவும் முடிவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வழி தெரியவில்லை. கேள்வி கேட்காமல் வாங்குவதா, துல்லியமான கணக்கு வைப்பதா என்றால் முதலாவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஓபியாய்டு மாத்திரை வாங்குகிறவர் கேட்டால், மிச்சத்தைத் திருப்பி அனுப்பத் தபால்செலவு கட்டிய உறையைக் கடைகள் கொடுக்கமுடியும்படி தயாரிப்பாளர்கள் ஏற்பாடு செய்யவேண்டும் என்று எஃப்டிஏ 2023இல் அறிவித்தது, 2025இல் அது நடைமுறைக்கு வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வலி மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறவர் கவுண்டரிலேயே அந்த உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டால், அந்த மாத்திரைக்கு எங்கள் மேஜை தேவைப்படாது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது மட்டும் இடிக்கிறது. எங்கள் வரிசையில் விசாரித்தால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

திருப்பி அனுப்பப்படுபவை

வேப் எனும் மின்-சிகரெட் கருவிகளை 2019 அக்டோபரிலிருந்து வாங்குகிறார்கள், லித்தியம் பேட்டரியைக் கழற்றிவிட்டு வந்தால். இன்ஹேலர் ஊருக்கு ஊர் வேறு, உள்ளே அழுத்த வாயு இருப்பதால் எரிக்கும்போது வெடிக்கலாம். பாதரசத் தெர்மாமீட்டர் கிடையாது, அதற்கு கவுண்டியின் அபாயக் கழிவு நாள் தனியாக உண்டு.

ஊசி கிடையவே கிடையாது. இதில்தான் எங்கள் ஊரில் ஒவ்வொரு முறையும் மனஸ்தாபம். இன்சுலின் போடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் சமூகத்தில், மருந்தை வாங்குகிறீர்கள், அதைப் போட்ட ஊசியை வாங்கமாட்டீர்களா என்று ஒருவர் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பெட்டியைத் தூக்குகிறவர் கையில் குத்திவிடும் என்பதுதான் காரணம், ஆனால் காரணம் சொன்னால் ஊசி கரைந்து போய்விடாது. அவரிடம் நாங்கள் சொன்னது: துணி துவைக்கும் திரவம் வருகிற கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுச் சேர்த்துவையுங்கள், முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி மேலே எழுதுங்கள், ரீசைக்கிளிங்கில் மட்டும் போடாதீர்கள், எங்கே கொடுப்பது என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும், சில ஆஸ்பத்திரிகள் வாங்கிக்கொள்கின்றன. அடுத்த தடவைக்கு ஊசிக்கென்று மூன்றாவதாக ஒரு மேஜை போடலாமா என்று டவுன்ஷிப்பில் கேட்டிருக்கிறோம். அதற்கு உரிமம் உள்ள மருத்துவக் கழிவு வண்டி வேண்டும், வண்டிக்கான பணத்தை யார் கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.